நான் விழாத மரம்

சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் என் காலைப் பார்ப்பார்கள். அப்புறம், "ஏனுங்க, எந்த மரத்துல விழுந்தீங்க?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஒரு கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவன். டைல்ஸ் ஏற்றிய லாரி எங்கள் மலையின் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருவதற்குள் பெட்டிகளெல்லாம் சரிந்து பின்கதவில் சாய்ந்துவிடும். அதனால் நாங்கள் எடுத்த எடுப்பில் கதவைத் தொடமாட்டோம். பக்கவாட்டில் ஏறி, மேல் வரிசைகளை இறக்கிப் பாரத்தைக் குறைத்த பிறகுதான் கொக்கியைக் கழற்றுவோம். மலையில் லோடு இறக்குகிற எல்லாருக்கும் இது தெரியும். கடைக்காரருக்கும் தெரியும்.

அன்றைக்கு மஞ்சு இறங்கிப் பாதையை மறைப்பதற்குள் வண்டி கீழே போக வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். நான் பின்னால் நின்று தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "இப்படி ஒவ்வொண்ணா இறக்குனா விடிஞ்சிரும்" என்று கடைக்காரரே வந்து கொக்கியைத் தட்டிவிட்டார். கதவும் பெட்டிகளும் சேர்ந்து வந்தன. என் வலது பாதம் அடியில் மாட்டி நசுங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது என்னிடம், பதில் சொன்னது கடைக்காரர். "மிளகு பறிக்க ஏறுனானுங்க, ஏணி வழுக்கிருச்சு."

"இல்லீங்க, லாரிங்க" என்றேன்.

"வலியில உளர்றானுங்க" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார் அவர். கூட வந்த லோடு ஆட்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாளைக்கும் லோடு வேண்டும். மிளகு சீசனில் மலையிலிருந்து கால் உடைந்து வருகிறவன் மரத்திலிருந்துதானே விழுந்திருப்பான்? "பார்த்து ஏறக் கூடாதா?" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

பிறகு கடைக்காரர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஊரே கேட்கும்படி அதே கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பழத்தை என் மனைவி மாட்டுக்குப் போட்டாள். ஆனால் கதை ஊரில் நிலைத்துவிட்டது.

முன்பெல்லாம், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் மரம் எவ்வளவு உயரமானாலும், வளப்பூர் வரைக்கும் என்னைத்தான் மிளகு பறிக்கக் கூப்பிடுவார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் நான் ஒருநாளும் தவறியதில்லை. இப்போது பாதம் மடங்குவதில்லை. எங்கள் தோட்டத்திலேயே மச்சினன்தான் ஏறுகிறான், நான் அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று அவன் உச்சியிலிருந்து கத்தினான்: "மாமா, கெட்டியாப் புடிங்க. உங்களாட்ட நானும் விழுந்து தொலைக்கப் போறேன்."

கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.