வழி கேட்கிறாள் என்றுதான் நினைத்தோம்

போன வருடம் ஆடி மாதம், பல்லடம் ரோட்டில், வீரபாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல பட்டப்பகலில் நடந்தது இது. நானும் என் வீட்டுக்காரரும் தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். பனியன் கம்பெனியிலிருந்து தைத்த பீஸ்களை வாங்கி வந்து, வீட்டில் வைத்தே பிசிறு நூல் வெட்டி, செக்கிங் பார்த்து, பண்டல் கட்டித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

கொண்டுபோவது அவருடைய பழைய பைக்கில். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதனால் அதுதான் உங்களுக்கு மூத்த தாரம், நான் இளையவள்தான் என்று கேலி செய்வேன். சடசடவென்று ஆடுகிறது என்று அதன் செயின் கவரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டு வைத்திருந்தார். எப்போது மாட்டுவீர்கள் என்று கேட்டால் நாளைக்கு என்பார். அந்த நாளைக்கு என்பது எந்த மாதத்தில் வரும் என்று அவருக்கே தெரியாது!

இந்த ஊரில் பண்டல் கட்ட யாரும் கயிறு தேடுவதில்லை. பனியன் வேஸ்ட் துணியை நீளமாகக் கிழித்து முறுக்கினால் நாடா தயார். அன்றைக்கு நாங்களும் அப்படித்தான் கட்டி, பின்சீட்டில் எனக்கும் பின்னால் வைத்துக்கொண்டு போனோம். ஆனால் பனியன் துணி இழுபடும் இல்லையா? குலுங்கக் குலுங்க அது தளர்ந்து, ஒரு முனை அவிழ்ந்து, பின்சக்கரத்தின் பக்கம் தொங்க ஆரம்பித்திருக்கிறது. பண்டல் மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை.

பின்னால் ஒரு பெண் ஸ்கூட்டரில் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள். என்னமோ கத்தினாள். ஆடிக்காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை.

“வழி கேக்கா போலுக்கு. இவ்ளோ ரோடு கெடக்குல்லா, அந்தப் பக்கமாப் போவட்டுமே. ஏட்டி, நீ கெட்டியாப் புடிச்சுக்க” என்று சொல்லி, இவர் இன்னும் முறுக்கினார். எனக்கும் அவள் மேல் எரிச்சல்தான். அப்படி என்ன தலை போகிற அவசரம் என்று முணுமுணுத்தேன்.

அடுத்த நிமிடம் நாடா செயினுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. செயின் பல்சக்கரத்தை விட்டு வெளியே வந்து இறுகியது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாய, நான் பண்டலோடு சேர்ந்து ஒரு பக்கம் உருண்டேன். அவருடைய கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எழுந்து வண்டியைத் தூக்கிப் பார்க்கிறேன், அசைக்கவே முடியவில்லை. எதிரே பார்த்தால் ஒரு தண்ணீர் லாரி, நாங்கள் கிடந்த பக்கத்திலேயே வேகமாக வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் ஸ்கூட்டரை எங்களுக்கும் லாரிக்கும் நடுவில் குறுக்கே நிறுத்தினாள். அதற்கும் முன்னால் ஓடிப் போய், துப்பட்டாவை உருவி இரண்டு கையாலும் வீசிக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் சத்தம் மட்டும் கேட்டது. திறந்து பார்த்தபோது லாரி அவள் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தது.

லாரிக்காரர் இறங்கி ஓடிவந்து வண்டியைத் தூக்கிவிட்டார். நல்லவேளை, இவருக்கு முழங்காலில் தோல் வழன்றதோடு போயிற்று. இவர் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டிலேயே அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது!

அவளோ இவரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். “ஏனுங்ணா, எத்தன தடவ ஆரன் அடிக்கறது? துணி தொங்குது தொங்குதுன்னு கத்திட்டே வாரேன், நீங்க பாட்டுக்கு முறுக்கறீங்க! திரும்பி ஒரு பார்வ பாக்கோணும்னு தோணலீங்களா?”

வீட்டில் என்னிடம் ஒரு சொல் பொறுக்காத மனிதர், தலையைக் குனிந்துகொண்டு, “தப்புத்தாம்மா” என்றார்.

வண்டியை ஓரமாகத் தள்ளினோம். என் பையில் நூல் வெட்டும் டிரிம்மர் இருந்தது. அவள் பையிலும் ஒன்று. அவளும் செக்கிங் வேலைதானாம். இரண்டு பேரும் உட்கார்ந்து செயினில் சிக்கிய துணியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். எல்லாம் முடிந்த பிறகு தண்ணீர் குடிக்கலாம் என்று பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

“ஊட்ல கைக்கொழந்தைய உட்டுட்டு வந்திருக்கறனுங்க்கா” என்றாள் திடீரென்று. கண் கலங்கிவிட்டது. “அந்த லாரி நிக்காதுன்னுதானுங்க்கா நெனச்சேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்புறம் எதுக்குக் கண்ணு அங்க போயி நின்ன?”

“நீங்க ரெண்டு பேரும் கீழ கெடந்தீங்களேக்கா” என்றாள். அவ்வளவுதான்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். லாரிக்காரர் பாவம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பினாள். அன்று மாலையே செயின் கவர் வண்டியில் ஏறியது. கடையிலிருந்து கயிறும் வந்தது. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் இவர் இப்போதெல்லாம் ஓரம் கட்டிவிட்டு என்னவென்று கேட்கிறார். முக்கால்வாசிப் பேர் முறைத்துவிட்டுப் போகிறார்கள்.

துணிச்சலானவர்களுக்குப் பயமே இருக்காது என்று அதுவரை நினைத்திருந்தேன். லாரி நிற்காது என்று நினைத்துக்கொண்டே ஒருத்தி எங்களுக்காக நின்றாளே!