கிளீட்டஸும் தானாக அலறிய ஹாரனும்

சக்திகுளங்கரைத் துறைமுகத்திலிருந்து எங்கள் பக்கத்துக்கு மீன் கொண்டுவருகிறவர்களில் கிளீட்டஸ் அண்ணனுக்குத்தான் வாடிக்கை அதிகம். பேசியே விற்றுவிடுவார். அயிலை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, "கண்ணைப் பாரு சேச்சி, இன்னும் உன்னை முறைச்சிக்கிட்டு இருக்கு" என்பார். சேச்சி சிரித்துவிட்டால் முடிந்தது, அரைக் கிலோவாவது வாங்காமல் உள்ளே போகமுடியாது.

அவருடைய மோட்டார் சைக்கிள் அவர் கல்யாணத்துக்கும் முந்தியது. பின்னால் ஐஸ் போட்ட பெரிய நீலப் பெட்டி. இரண்டு குட்டி, ஒரு நீளம் என்று அவர் ஹாரன் அடித்தால் பெண்கள் சட்டியோடும் பூனைகள் சட்டியில்லாமலும் வாசலுக்கு வந்துவிடும்.

மழைக்காலம் முடிந்த கையோடு அந்த ஹாரனுக்குக் கிறுக்குப் பிடித்தது. அவர் கை வைக்காமலே அலறும். கொஞ்ச தூரம் போனதும் தானே அடங்கும். சட்டியோடு ஓடிவந்தவர்கள், "கூப்பிட்டுட்டு எங்கே ஓடறே?" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். எல்லாவற்றையும்விட மோசம், பார்கவி டீச்சர் வீட்டு வளைவு. பிறந்ததிலிருந்து மீன் தொடாத டீச்சரின் வாசலில்தான் அது தினமும் தொண்டை கிழியக் கத்தியது.

"கிளீட்டஸே, என்னை மீன் தின்ன வைக்காம விடறதில்லைன்னு சாமிக்கு நேர்ச்சை போட்டிருக்கியா?"

"மாதாவாணை, நான் அடிக்கல டீச்சரே. அதுவா அடிக்குது."

"அதுவா அடிக்குதா? அப்ப அதுக்கே ரெண்டு சாளை மீனைப் போடு, தின்னுட்டு சும்மா கிடக்கட்டும்."

வியாபாரம் முடிந்ததும் மத்தியானத்தில் வண்டியை மெக்கானிக் சுகதனின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சுகதன் ஹாரன் பட்டனைக் கழற்றித் துடைத்தான். மறுநாள் பட்டனையே மாற்றினான். அதற்கடுத்து ஹாரனையும் மாற்றிப் பார்த்தான். ஹாண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினான், பெட்டியைத் தட்டினான், வண்டியைக் குலுக்கினான். அது வாயே திறக்கவில்லை.

"அண்ணா, உங்க வண்டிக்கு என்னைக் கண்டா பயம். நீங்கதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க."

"பயமா? இங்கேருந்து வீடு வரைக்கும் சாமியார் மாதிரி வரும். காலையில பாரு, பேய்."

மறுநாளும் டீச்சர் வாசலில் அலறல்தான். அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோது மனைவி லில்லிக்குட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். லில்லிக்குட்டி இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்ப்பவர். கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றினார்.

"சுகதன்கிட்ட எப்ப கொண்டுபோறீங்க?"

"வித்து முடிச்சிட்டுத்தான்."

"வித்து முடிச்சப்புறம் என்னிக்காவது அது கத்தியிருக்கா?"

கிளீட்டஸ் அண்ணனின் உருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "இல்லியே."

"வெறும் பெட்டியைக் காட்டினா அவன் என்னத்தைக் கண்டுபிடிப்பான்? நிறைஞ்ச பெட்டியோட போய்க் காட்டுங்க, என் மனுஷா."

மறுநாள் காலை துறைமுகத்திலிருந்து நேரே பட்டறைக்குப் போனார். பெட்டி நிறையச் சாளை. சுகதன் சாவியைத் திருப்பி, ஹாண்டிலை வலப்பக்கம் ஒடித்தான். சத்தமில்லை. இடப்பக்கம் ஒடித்தான். ஹாரன் தெருவே அதிரும்படி அலறியது.

"மாட்டிக்கிச்சு!" என்று சுகதன் குதித்தான். "அப்படியே பிடிங்க அண்ணா, விடாதீங்க!" என்று சொல்லிவிட்டு பெட்ரோல் டாங்கிக்கு அடியில், ஹாண்டில் வண்டியோடு சேரும் கழுத்துப் பக்கம், வயர் வயராகத் தடவ ஆரம்பித்தான்.

ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? நாலா பக்கத்திலிருந்தும் சட்டிகள் வந்தன. வாடிக்கையைக் கண்ட கிளீட்டஸ் அண்ணனின் கை தானாக ஹாண்டிலைவிட்டுப் பெட்டிக்குப் போனது. அங்கே நின்ற ஆட்டோக்காரரைப் பிடித்து ஹாண்டிலில் நிறுத்தினான் சுகதன். ஒவ்வொரு கிலோவாகப் போகப் போக ஹாரனின் குரல் கம்மியது. விட்டுவிட்டுக் கத்தியது. இருமியது.

"அண்ணா, விக்காதீங்க! நோவு ஓடுது!"

"வீடு தேடிவந்தவங்களை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

"இது என் பட்டறை! உங்க வீடில்ல!"

கடைசி சாளையும் ஐஸும் போனபோது ஹாரன் அடியோடு நின்றுவிட்டது. சுகதன் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தான். சட்டியோடு நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கொட்டகைக்குப் போகிற வழியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்து லில்லிக்குட்டி உள்ளே நுழைந்தார். விஷயம் கேட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பேர் கைகொடுக்க, பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். வண்டியின் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்தது. சுகதன் ஹாண்டிலை இடப்பக்கம் ஒடித்தான்.

அலறல்!

"லில்லீ, அசையாதே!"

"நான் அசையல. உங்க வண்டிதான் ஊரைக் கூட்டுது. ஒருநாள் ஏறினதுக்கே இந்தக் கத்தலா?"

அதற்குள் சுகதன் குனிந்து ஒரு வயரைப் பிடித்துவிட்டான். பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு எழும்பும். கழுத்துப் பக்கத்து வயர்கள் இழுபட்டு விறைக்கும். அந்த நேரம் இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் பட்டனுக்குப் போகிற வயர் இரும்பில் உரசும். உரசி உரசித் தோல் போய்ச் செம்பு வெளியே தெரிந்தது. அது இரும்பைத் தொட்டால் பட்டனை அழுத்தின மாதிரிதான். டீச்சர் வீட்டு வளைவும் இடப்பக்க வளைவு. காலையில் பெட்டியும் நிறைந்திருக்கும்.

சுகதன் வயருக்குப் புது உறை மாட்டி, தளர்வாக வேறு வழியாகக் கட்டினான். லில்லிக்குட்டி மேலேயே இருக்க, இடமும் வலமும் பத்துத் தரம் ஒடித்துப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. கிளீட்டஸ் அண்ணன் பட்டனை அழுத்தினார். இரண்டு குட்டி, ஒரு நீளம். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குமுன் தூரத்து வீடுகளிலிருந்து இன்னும் சில சட்டிகள் வந்து சேர்ந்தன. பெட்டியில் செதில்கூட மிச்சமில்லை.

"போய்க் கொண்டுவந்துடறேன், இங்கேயே நில்லுங்க!" என்றார் அண்ணன். லில்லிக்குட்டி பெட்டியிலிருந்து இறங்கி, அதற்கு முன்னாலிருந்த சீட்டில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார். "இன்னிக்குக் கொட்டகை கிடக்கட்டும். துறைமுகத்துல முதல்ல எனக்குக் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வாங்கிக் குடுங்க."

வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நடையில் நெத்தோலி மீன் வந்தது. அதை முழுக்க விற்றது லில்லிக்குட்டிதான். அண்ணன் எடைபோட்டுக் கொடுத்துக்கொண்டு, பேச்சில் தன்னைவிட ஒரு படி மேலான ஒருத்தியை இத்தனை வருஷமாக இறால் உரிக்க அனுப்பிவிட்டோமே என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.