ஒட்டகங்களோடு நின்ற ஜெயசிங்கம்

முப்பது வயது வரைக்கும் ஜெயசிங்கத்துக்கு நீந்தத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் நனையாத மனிதர். டென்மார்க்குக்கு அகதியாக வந்து, புரொண்பி என்ற ஊரில் எங்களுக்கு மேல்வீட்டில் குடியேறி, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது.

பிடிக்கவைத்தவன் அவருடைய மேற்பார்வையாளன் பிரெபன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் நீந்தப் பழக்கும் சங்கம் ஒன்றை அவன் நடத்தினான். "நீயும் வாவேன்" என்றான். தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் காலிதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் கூப்பிட்டால் மனிதர் போகாமல் இருப்பாரா?

ஒரு குளிர்காலம் முழுக்க நீச்சல்குளத்தில் தண்ணீர் குடித்துக் குடித்துப் பழகினார். "கிணத்தடியில குளிக்கவே நடுங்கிற மனுசன், இப்ப கடலடிக்குப் போகப் போறாராம்" என்று அவருடைய மனைவி இன்பமலர் சிரிப்பாள். அவர் சிரிக்கமாட்டார். "அண்ணை, அவங்களோட ஒருக்கா கடலுக்குள்ள இறங்கினனெண்டால் பிறகு நானும் அவங்கள்ல ஒருத்தன்" என்று என்னிடம் சொன்னார். ஆசை அவ்வளவுதான்.

எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் சங்கம் சினாய்ப் பாலைவனக் கரைக்குப் போனது. போன நாளிலிருந்து காற்று கடலில் இறங்க விடவில்லை, கடைசி நாள்தான் அடங்கியது. நல்ல பவளப்பாறை இருந்த இடத்துக்கு வீதி கிடையாது. ஒட்டகங்களின் இரு பக்கமும் சிலிண்டர்களைத் தொங்கவிட்டு, மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய கரையால் போனார்கள். ஒட்டகத்தின் ஆட்டத்தில் இடுப்பு நொந்தபோதும் ஜெயசிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு ஒட்டகம் சுமையோடு பக்கவாட்டில் புரண்டுவிட்டது. பிரெபனுடைய மூச்சுக் கருவி நசுங்கிப்போனது. ஒருவர் கரையில் நிற்கவேண்டும், யார் நிற்பது என்று பிரெபன் பொதுவாகக் கேட்டான்.

"நான் நிற்கிறேன், நீங்கள் போங்கோ" என்றார் ஜெயசிங்கம்.

அது நம்முடைய வாய்ப்பழக்கம். தேத்தண்ணி தந்தால் முதலில் வேண்டாம் என்போம். வீட்டுக்காரர் விடமாட்டார், மறுபடி வற்புறுத்துவார், பிறகு வாங்கிக் குடிப்போம். இல்லையில்லை, நீ வா, நான் நிற்கிறேன் என்று பிரெபன் சொல்லுவான் என்று அவர் காத்துநின்றார். டேனிஷ்காரனுக்கு ஒரு சொல் ஒரு சொல்தான். "தாக்!" என்று நன்றி சொல்லி, ஜெயசிங்கத்தின் கருவியைக் கழற்றி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான். மற்றவர்களும் இறங்கினார்கள். அவர் ஒட்டகங்களோடு வெயிலில் நின்றார்.

அவர் திரும்பிவந்து இதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வாயைத் திறந்து நானும் வாறன் எண்டு சொல்ல உமக்கு என்ன கேடு?" என்று ஏசினேன். "எப்பிடியண்ணை நானே கேக்கிறது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்த வருடம் பிரெபன் வீடு தேடி வந்தான். நானும் அங்கே இருந்தேன். இன்பமலர் கொடுத்த தேத்தண்ணியை ஒருமுறைகூட வேண்டாம் என்னாமல் வாங்கிக் குடித்தான். "மறுபடி சினாய் போகிறோம். நீ கட்டாயம் வா. ஒட்டகங்களைப் பார்த்துக்கொள்ள உன்னைப் போலப் பொறுமையான ஆள் கிடையாது" என்றான். மெய்யான அன்போடுதான் சொன்னான், பாவி.

ஜெயசிங்கத்தின் முகம் கறுத்தது. "நான் வரவில்லை" என்றார்.

"சரி" என்றான் பிரெபன். கோட்டை மாட்டினான், கைகொடுத்தான், படியிறங்கிப் போனான்.

கீழே கார் கிளம்பும் வரைக்கும் ஜெயசிங்கம் கதவைச் சாத்தவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார், கண் நிறைந்திருந்தது.

"ஏனெண்டாவது ஒருக்காக் கேட்டிருக்கலாம், அண்ணை."