மூன்றாவது கட்டம்

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யுத்த காலம். தலைநகரத்து வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்துக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறை எடுத்து இருந்தோம். அம்மா, நான், வெளிநாடு போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏஜென்சிக்காரனின் பதிலுக்குக் காத்திருந்த அண்ணா.

பள்ளிக்கூடக் கண்காட்சியில் கற்கால மனிதனின் கருவிகள் என் பங்குக்கு வந்தன. காட்போட் மட்டையில் மூன்று கட்டம் கீறினோம். பழைய கற்காலத்துக்குக் கையில் பொத்திப் பிடிக்கிற முரட்டுக் கல். இடைக் கற்காலத்துக்கு நகத்தளவு சில்லுகள். அண்ணா முற்றத்தில் கல்லோடு கல்லை மோதி உடைத்துத் தந்தான். பெருவிரலில் இரத்தம்.

"பார், அவங்களும் இப்பிடித்தான் கையை வெட்டியிருப்பாங்கள்" என்று சிரித்தான். ஒரு சில்லால் தக்காளி வெட்டியும் காட்டினான்.

மூன்றாவது புதிய கற்காலம். தேய்த்து மினுக்கிய கோடரி. அரை மணித்தியாலம் ஒரு கல்லைச் சீமெந்துத் தரையில் தேய்த்துக் களைத்துப்போனான்.

"இது சரிவராது. நாளைக்குப் பார்ப்பம்."

"நாளைக்குத்தான் எக்ஸிபிஷன்! ரீச்சர் ஏசுவா."

"அப்ப அந்தக் கட்டத்தை விடு."

நான் காலை உதைத்து அழுதேன். அப்படியொரு பிடிவாதம் எனக்கு. கடற்கரையில் கடல் தேய்த்த கல் கிடக்கும் என்று சொன்னதும் நான்தான்.

"சரி சனியனே, அழாதை. அஞ்சு நிமிசத்தில வாறன்."

சாரத்தோடு இறங்கிப் போனான். தெருவில் இறங்கினால் கையில் இருக்கவேண்டிய அடையாள அட்டையும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் மேசையில் கிடந்தன.

ஒழுங்கை முடக்கில் கடை வைத்திருந்த நானாதான் ஓடிவந்தார். "மகள், அம்மாவைக் கூப்பிடுங்க! தண்டவாளத்துக்கிட்ட குனிஞ்சு என்னமோ செய்றான்னு உங்கட அண்ணன ஆமிக்காரங்க ஜீப்புல ஏத்திட்டாங்க."

அம்மா அட்டையையும் துண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிறகு வருஷக்கணக்காக ஓடினாள். போன இடமெல்லாம் அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். கல் பொறுக்கப் போனவன் என்றால் யார் நம்புவார்கள்? மட்டையையும் காவிக்கொண்டு போய், வெறுமையாய் இருந்த அந்தக் கட்டத்தைத் தொட்டு, அரைகுறைச் சிங்களத்தில் விளங்கப்படுத்துவாள். நான் பக்கத்தில் தலை குனிந்து நிற்பேன்.

இன்று நான் சரித்திரம் படிப்பிக்கிறேன். உடைத்த கல்லிலிருந்து தேய்த்த கல்லுக்கு வர மனிதனுக்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் பிடித்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எனக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. அதைச் சொல்வதில்லை.

சாகும்வரை அம்மா அந்த மட்டையைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஒருதரமாவது ஏசியிருக்கலாமே, அம்மா.