துடைத்துவிட்ட துளி

அலுவலகத்தில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பெயர். துணியால் ஒருமுறை துடைக்காமல் கணினியில் விரல் வைக்க மாட்டாள். பரம்பரைக் குணம் அது. அவளுடைய பெரிய மாமா பூட்டைக் கழுவிவிட்டுத்தான் சாவியை நுழைப்பார். சித்தியோ மழை விட்டதும் வாசல் கதவைத் துடைக்க ஓடுவாள்.

அவள் பார்க்கும் வேலை, பிரித்து வைப்பது. உடம்புக்குள் இரண்டு புரதங்கள் கைகோத்துக்கொண்டு நோயை வளர்க்கும். அந்தப் பிடிக்கு நடுவே புகுந்து தடுக்க ஒரு பொடி மூலக்கூறைக் கணினியில் வரைய வேண்டும். மலையும் மலையும் ஒட்டிக் கிடக்க, நடுவில் ஒரு கடுகு போய் உட்கார்ந்து விலக்குகிற மாதிரி. "எங்க மருமக ஜோடியைப் பிரிக்கிற உத்தியோகம் பாக்கறா" என்று மாமியார் விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு, மகனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள்.

வரைந்ததை நிஜமாகச் செய்து கொடுப்பவள் கணவனின் தங்கை. அதே கட்டடத்தில், கீழ்த்தளத்து வேதியியல் கூடத்தில் இருந்தாள். வீட்டில் ஒரு நாத்தனார் போதாதென்று வேலையிலும் அதே நாத்தனார் வாய்த்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"வரையறது சுலபம் அண்ணி. மூலக்கூறுக்கு நீங்க போட்ட இந்த வாலை ஒட்ட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"கொதிக்க வைக்கிறதுக்கா இவ்வளவு அலுத்துக்கறே?"

அடுத்த கூட்டத்துக்குள் ஏதாவது ஒரு மூலக்கூறு புரதத்தில் ஒட்டாவிட்டால் வேலையையே மூடிவிடுவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். இந்த வேலைக்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவள் அவள். கடைசியாக வரைந்தது நன்றாக ஒட்டும் என்று கணினி அள்ளி அள்ளி மதிப்பெண் கொடுத்தது. நாத்தனார் செய்தாள். சோதித்தார்கள். ஒட்டவேயில்லை.

"நீ எங்கேயோ தப்பாச் செஞ்சிருக்கே."

"சரிபார்த்துட்டேன் அண்ணி. நீங்க வரைஞ்சது எதுவோ, அதேதான்."

மறுநாள், தன் பக்கம் பிசகில்லை என்று காட்டுவதற்கென்றே புரதத்தின் அசல் படத்தைத் திறந்தாள். அசல் படத்தில் புரதத்தைச் சுற்றித் தண்ணீர், சிவப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கிடக்கும். அதை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் தொழில் வழக்கம். விவரமானவர்கள் வேண்டிய துளியை விட்டுவைப்பார்கள். சுத்தக்காரி விடுவாளா? பொட்டு மிச்சமில்லாமல் துடைத்திருந்தாள்.

இப்போது பார்த்தால், மூலக்கூறு பொருந்த வேண்டிய பள்ளத்தின் மூலையில் ஒரு துளி, புரதத்தை நாலா பக்கமும் பிடித்துக்கொண்டு குடியிருந்தது. அவள் வரைந்த வால் சரியாக அதே இடத்தில் உட்கார வேண்டியது. குடியிருப்பவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, வெளியாள் எப்படிக் குடிபுகுவான்?

வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நாத்தனாரிடமா? பாதிப் படி இறங்கித் திரும்பி ஏறினாள். கூட்டம் நினைவுக்கு வந்து மறுபடி இறங்கினாள்.

"ஒரு சின்ன விஷயம்மா. தண்ணி ஒண்ணு விட்டுப்போச்சு."

"எங்கே?"

"என் படத்துல."

நாத்தனார் கையுறையை மெதுவாகக் கழற்றினாள். "விட்டுப்போச்சா, விரட்டிட்டீங்களா?"

"துடைச்சுட்டேன்."

"அப்போ நான் செஞ்சது சரி."

"தப்புன்னு நான் எப்போ சொன்னேன்?"

"நேத்து."

வாலை நறுக்கி, அந்தத் துளியை விரட்டாமல் அதன் கையையே பிடித்துக்கொள்ளும்படி புதிதாக வரைந்தாள். மதிப்பெண் சுமார்தான். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். குட்டை வாலுக்குப் பாடு குறைவு என்பதை மட்டும் வாய்திறந்து சொல்லவில்லை.

கூட்டத்தன்று காலை நாத்தனார் மேலே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குடும்பத்து முகமே அப்படி. மாமனார் தன் கல்யாணப் படத்திலும் அதே முகத்தோடுதான் நிற்கிறார்.

"ஒட்டியிருக்கு அண்ணி."

"எவ்வளவு?"

"லேசா. நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே, அந்த அளவுக்கு."

"நீயும் உள்ளே வா. முதல்ல ஏன் ஒட்டலைன்னு தலைவர் கேப்பார். நான் சொன்னா மழுப்பிடுவேன், நீயே சொல்லிடு."

நாத்தனார் ஆற அமர, ஒரு சொல் விடாமல் சொன்னாள். கேட்டு முடித்த தலைவர் மூடுகிற பேச்சையே எடுக்கவில்லை. அந்த லேசான பிடியை இறுக்க என்ன வழி என்று கேட்டார். பதில் சொல்ல அண்ணியும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.