அற்புதமணி நிறுத்தாத மாத்திரை

அற்புதமணி தூத்துக்குடியில் உப்பு லாரிகளுக்கு எடை போடும் நிலையத்தில் இருபது வருஷமாக இருக்கிறாள். எடையைக் கூட்டிக் குறைத்து எழுதச்சொல்லி எந்த டிரைவரும் அவளிடம் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

மாரடைப்பு வந்து இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த மூன்றாம் மாதமே அதில் ரத்தம் கட்டி, மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இளம் டாக்டர் முத்துக்குமரன் கேட்டார்: "ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?"

"ஒரு நாளும் நிறுத்தலை."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க."

அவர் எழுதிவிட்டுப் போனதை அற்புதமணி நர்ஸ் உமாராணியைப் படிக்கச் சொன்னாள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவள் என்றிருந்தது. டிஸ்சார்ஜ் அன்று அற்புதமணி கையெழுத்துப் போடவில்லை.

"அந்த வரியை அடிங்க, போடுதேன். நான் முழுங்குன மாத்திரை ஏன் கேக்கலைன்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை."

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் கிருபை வந்தார். "சிலர் கல்லீரலுக்கு அந்த மாத்திரையை வேலைசெய்ய வைக்கிற சக்தி பிறவியிலேயே இருக்காதும்மா. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பாத்திருவோம்."

பரிசோதனைத் தாளில் எந்தச் சமூகம் என்று கேட்டிருந்தது. அப்பா புன்னைக்காயல் கத்தோலிக்கர், அம்மா நாசரேத் ஊர் சி.எஸ்.ஐ. சபை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீடும் அவர்களைச் சேர்க்கவே இல்லை. இருவரும் இறந்தபோதுகூட யாரும் வரவில்லை.

"ஒண்ணைச் சொல்லுங்க," என்றார் முத்துக்குமரன்.

"ரெண்டையும் எழுதுங்க. கட்டம் பத்தலைன்னா கட்டத்தைப் பெருசாக்குங்க."

பத்தாம் நாள் முடிவு வந்தது. மாத்திரையை வேலைசெய்ய வைக்கிற மரபணு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டுமே பழுது. அவள் விழுங்கிய மாத்திரை உடம்பில் வேலையே செய்திருக்கவில்லை. கிருபை வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். முத்துக்குமரன் அந்த வரியை அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

"அடுத்து வாரவ சொல்லுததை நம்புங்க, போதும்," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலில் சித்தப்பா சந்தியாகு வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் உள்ளே கூப்பிடவில்லை. அவள் ரிப்போர்ட்டின் நகலை நீட்டினாள்.

"உங்க பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம். நெஞ்சுவலின்னு போனா டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க."

"நாசரேத்துக்காரி மக இங்க வந்து எங்க ரத்தத்துல குறை சொல்லுதியோ?"

"பாதி அவங்க குடுத்தது, பாதி நீங்க குடுத்தது. ரெண்டு வீடும் சேந்து எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதான் சித்தப்பா."

சந்தியாகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மருமகள் வெளியே வந்து தாளை வாங்கிக்கொண்டாள். அம்மா வீட்டுக்காக எடுத்திருந்த இன்னொரு நகலோடு அற்புதமணி நாசரேத் பஸ் ஏறினாள்.