கேட்காமல் அடுக்கிய பட்டியல்

குணம் அண்ணை போய்விட்டார். காலையில் அவருடைய மனைவி, செல்வி அக்கா, போன் எடுத்துச் சொன்னார். சிறுநீரகம்...

கிளிநொச்சி ஒபிஸில் ஆறு வருடம் எனக்குப் பக்கத்துக் கதிரை. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து வரும் ரிசல்ட்டைக் கொம்பியூட்டரில் ஏற்றுவது எங்கள் வேலை. ஒரு கொலத்தில், அதாவது நிரலில், வீட்டுக்காரர் பெயர், அடுத்ததில் ‘குடிக்கலாம்’ அல்லது ‘குடிக்க வேண்டாம்’.

அண்ணைக்கு ஒரு விசர் இருந்தது. நான் ஏற்றும் பைலை எடுத்து மூன்று இடத்தில் திறந்து பார்ப்பார். எக்ஸலில் ஒருமுறை, இலவசமாக இறக்கிய இன்னொரு மென்பொருளில் ஒருமுறை, எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் ஒன்லைன் ஷீட்டில் ஒருமுறை. எது லேசு, எது ஆளைக் கவிழ்க்கும் என்று கொப்பியில் எழுதுவார். உள்ளே யாருடைய கிணறு என்று பார்க்க மாட்டார். ‘விஞ்ஞானி’ என்று நக்கலடிப்போம்.

ஒன்லைன் வேகம் என்பார். இலவசமானது எங்கள் பழைய கொம்பியூட்டரில் இழுபடும். ஆனால் அதிலும் எக்ஸலிலும் பெயர்களை மட்டும் பிடித்து அகரவரிசையில் அடுக்கப் போனால், பக்கத்துக் கொலத்தையும் சேர்க்கவா என்று கேட்கும். ஒன்லைனில் பிடித்த இடத்தை மட்டும் பேசாமல் அடுக்கிவிடும். பெயர்கள் இடம் மாறும், ரிசல்ட் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"கேக்கிற சாமானிலதான் நான் வேலை செய்வன் தங்கச்சி. கேக்காததை நம்பேலாது."

அண்ணையின் ஊர் அறிவித்தல் பலகையில் ஒட்டப் பட்டியல் கேட்ட அன்று, அதை எடுக்க வந்த வாகனம் கீழே ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. நான் அவசரத்தில் ஒன்லைனில் அடுக்கி பிரின்ட் எடுத்தேன். ஹெல்மெட்டும் கையுமாக வாசலில் நின்று அண்ணை கேட்டார்.

"அடுக்கேக்க உன்னைக் கேட்டதோ?"

"ஓம் அண்ணை, கேட்டது."

கேட்கவில்லை. அவருடைய விசாரணை எனக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். அவர் என்னை நம்பிப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். செல்வி அக்கா பால் விடாத பிளேன்டி தந்தார். பட்டியலில் தங்கள் கிணறு நல்லது என்று வந்ததால் கடையில் கேன் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்றார். அன்று அது என்னைக் கேட்காதது நினைவுக்கு வந்தது. பிளேன்டியைக் குடித்து முடித்து எழும்பினேன்.

ஒபிஸுக்குத் திரும்பி வந்தும் சரிபார்க்கவில்லை. சோம்பல் என்று சொல்ல மாட்டேன். பயம்.

பிறகு அவர் கிளினிக்குக்குப் போக லீவு போடத் தொடங்கினார்... அப்போதும் பார்க்கவில்லை.

இன்று காலை போன் வந்ததும் நேரே ஒபிஸுக்குப் போய் அவருடைய கொம்பியூட்டரைத் திறந்தேன். நான் அடுக்குவதற்கு முதல் நாள் அவர் எடுத்துவைத்த பிரதி அப்படியே இருந்தது.

அவர் பெயருக்கு நேரே, குடிக்க வேண்டாம்.

என் பட்டியலோடு வைத்து மற்றப் பெயர்களையும் பார்த்தேன். பத்துப் பெயருக்கு மேல் பார்க்க முடியவில்லை. பார்த்தவற்றில் பலதுக்கு ரிசல்ட் மாறிக் கிடந்தது.

அந்தத் தண்ணீர்தான் காரணமா, தெரியாது. டொக்டர்மாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பலகையில் இன்றைக்கும் நான் அடுக்கிய பட்டியல்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அந்த ஊர்ச் சனம் குடிக்கிறது.

பரந்தன் பஸ் தரிப்பிடத்தில் நின்று போனில் இதை எழுதிப் போடுகிறேன். பையில் பழைய பிரதியின் பிரின்ட். பஸ் இன்னும் வரவில்லை.

செத்தவீட்டில் இப்போது அந்தக் கிணற்றில் அள்ளித்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி போடுவார்கள். செல்வி அக்கா போன் எடுக்கவில்லை. அங்கே நிற்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால் பிளீஸ்... அடுப்பில் இருப்பதை இறக்கச் சொல்லுங்கள். என்னுடைய பட்டியலையும் கிழித்துவிடுங்கள்.

அண்ணை... அண்டைக்கு அது என்னைக் கேக்கேல்லை.

போயிட்டு வாங்கோ.